‘ஸ்டாக்’ என்றால் மாடா, பங்கா, பூவா?

கேள்வி: 1820-களில் நடக்கும் பழைய ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்துப் பண்ணைக் குடும்பம் ஒன்றின் கதை. ‘ஸ்டாக்’ என்ற ஒரு சொல் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்பது எங்கள் பதிப்பக விதி. எங்கள் பட்டியலில் ‘ஸ்டாக்: இருப்பு’ என்று இருக்கிறது. ஆனால் நாவலில் பெரியவர் சாகும்போது ஸ்டாக்ஸில் நாலாயிரம் பவுண்டு வைத்திருக்கிறார். ஊர்க் குடிகாரனையும் ஸ்டாக்ஸில் வைக்கிறார்கள். மகன் வேலைசெய்யும் துறைமுகத்தில் கப்பல் ஸ்டாக்ஸில் நிற்கிறது. வக்கீல் தன் ஸ்டாக்கின் பக்கிளைத் தளர்த்துகிறார். ஜன்னலடியில் ஸ்டாக் மணக்கிறது. தோட்டக்காரர் ஸ்டாக்கைப் பிளக்கிறார். மருமகள் நல்ல ஸ்டாக்கில் வந்தவள். கடைசியில் ‘லைவ் அண்ட் டெட் ஸ்டாக்’ ஏலம் போகிறது. அதைச் ‘செத்த மாடுகள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது? எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: உங்கள் பதிப்பக விதியில் தவறில்லை, அதைப் போட்ட இடம்தான் தவறு. நொதி, மின்தடை, வட்டி விகிதம் போன்ற கலைச்சொற்களுக்கு அந்த ஒழுங்கு வேண்டும். அத்தியாயத்துக்கு ஒரு சொல் மாறினால் படிப்பவர் குழம்பிவிடுவார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஊரார் வாயில் புழங்கிய சொல்லுக்கு அது ஒத்துவராது. ‘கட்டை’ என்ற நம் சொல்லை ஓர் ஆங்கிலேயர் இதே விதிப்படி மொழிபெயர்க்கப் பார்த்தால் என்ன ஆவார்? துப்பாக்கிக் கட்டை, கட்டைவிரல், கட்டைக் குரல், ஐந்து கட்டை சுருதி, ‘இந்தக் கட்டை வேகிறவரைக்கும்’. உங்களைவிட அவர் பாடுதான் மோசம். முதல் வேலையாகப் பட்டியலில் உள்ள அந்த ஒற்றை வரியை அடித்துவிடுங்கள்.

‘கட்டை’யைச் சும்மா சொல்லவில்லை. ‘ஸ்டாக்’ பழைய ஆங்கிலத்தில் அதுதான்: மரத்தின் அடிப்பகுதி, வெட்டிப் போட்ட துண்டு, நட்டுவைத்த முளை. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல்லுக்கு இன்றும் கம்பு, தடி என்றே பொருள். நமக்கு இது ரேஷன் கடை ‘ஸ்டாக் வந்துடுச்சா’ வழியாகவும், மருந்துக் கடை ‘நோ ஸ்டாக்’ வழியாகவும் வந்து சேர்ந்த சொல். அதனால் தமிழ்க் காதில் சரக்கு இருப்பு மட்டுமே ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அது இந்தச் சொல்லின் பல கிளைகளில் ஒன்று, அதுவும் பிந்தி வந்தது.

மரக்கட்டை என்ன செய்யும்? அசையாமல் நிற்கும். வேறொன்றைத் தாங்கும், அல்லது இறுக்கிப் பிடிக்கும். வெட்டிய பிறகும் வேர் இருந்தால் துளிர்க்கும். ‘ஸ்டாக்’ எடுத்த பொருள்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலிருந்து கிளைத்தவை. அகராதி கைக்கு எட்டாத நேரத்தில், ‘இங்கே கட்டை நிற்கிறதா, பிடிக்கிறதா, துளிர்க்கிறதா’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும்.

கதைக்கு முன்னால், ஏற்கெனவே தமிழில் செய்து முடித்த ஒரு வேலையைப் பார்த்துவிடுங்கள். 1611-ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் இந்தச் சொல் பல இடங்களில் வருகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் அதே வசனங்களை எடுத்து ஒப்பிடுங்கள். அப்போஸ்தலர் 16:24-இல் பவுலையும் சீலாவையும் சிறையில் அடைத்து அவர்கள் கால்களை மாட்டிவைப்பது தொழுமரத்தில். எரேமியா 2:27-இல் சிலை வணங்குபவர்கள் ‘நீ என் தகப்பன்’ என்று சொல்வது கட்டையைப் பார்த்து. யோபு 14:8-இல் மண்ணுக்குள் சாவது அடிக்கட்டை. பிலிப்பியர் 3:5-இல் பவுல் இஸ்ரவேல் வம்சத்தான். ஆங்கிலத்தில் நாலும் ‘ஸ்டாக்’. அந்தத் தமிழாக்கத்தைச் செய்தவர்கள் கிரேக்க, எபிரேய மூலங்களை வைத்துக்கொண்டு வேலை பார்த்ததால், ஆங்கிலச் சொல்லின் ஒற்றை முகம் அவர்களை ஏமாற்றவில்லை. உங்கள் எட்டு வாக்கியங்களில் மூன்றுக்கான விடை இந்த வரிகளிலேயே இருக்கிறது.

இனி உங்கள் வாக்கியங்கள். பன்மையில் வருபவை மூன்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும். பிசகு நேர்வது பெரும்பாலும் அங்கேதான்.

குடிகாரனை வைத்தது தொழுமரத்தில். இரண்டு கனத்த பலகைகள். கீழ்ப்பலகை நிலையாக நிற்கும். மேல்பலகை கீலில் திறந்து மூடும். இரண்டின் விளிம்பிலும் அரைவட்டமாக வெட்டியிருப்பார்கள். மூடினால் அரைவட்டங்கள் சேர்ந்து துளையாகும். துளைக்குள் கணுக்கால் சிக்கும். ஆள் தரையிலோ பெஞ்சிலோ உட்கார்ந்தபடி இருப்பான். 1351-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் ஒவ்வோர் ஊரிலும் இதைச் செய்துவைக்க உத்தரவிட்டது. இங்கிலாந்தில் கடைசியாகப் பயன்பட்டது 1872-இல், நியூபரி என்ற ஊரில் என்பார்கள். ஆகவே 1820-களில் ஒரு கிராமத்தில் இது இருப்பது இயல்பு. ‘பில்லரி’ என்று வேறொன்றும் நாவலில் வரலாம். அது நின்ற நிலையில் கழுத்தையும் கைகளையும் பூட்டுவது. இரண்டுக்கும் ஒரே தமிழ் போட்டால் பின்னால் வரும் காட்சி உதைக்கும்: கை கட்டப்பட்டவன் தன்மேல் விழுந்த முட்டையைத் துடைத்துக்கொள்ள முடியாதே. தொழுமரம் என்ற சொல் இன்றைய இளம் வாசகருக்குத் தெரியாமல் போகலாம். அடிக்குறிப்பு வேண்டாம், முதல் தடவை ‘கால்களைத் தொழுமரத் துளைகளில் பூட்டி உட்காரவைத்தார்கள்’ என்று வாக்கியத்துக்குள்ளேயே விளக்கிவிடுங்கள். அதன் பிறகு வெறும் தொழுமரம் போதும்.

கப்பல் நிற்பது கட்டுமானத் தாங்கலில். கப்பலைத் தரையில் கட்டும்போது அடிக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தும் மரக்கட்டைகளின் வரிசை அது. கப்பல் இன்னும் தண்ணீரையே பார்க்கவில்லை என்பதுதான் அந்த வாக்கியத்தின் செய்தி. ‘சரக்கோடு நின்றது’ என்று எழுதினால் கதையே தலைகீழாகிவிடும். ‘கப்பல் இன்னும் கட்டுமானத்தில்தான் இருந்தது’ என்று எளிமையாகவே எழுதலாம். இதே தொடர் உருவகமாகவும் வரும்: எழுதிக்கொண்டிருக்கும் நூல், தயாராகிவரும் திட்டம் எல்லாம் ‘ஸ்டாக்ஸின் மேல்’ இருக்கும். அங்கே கப்பலைக் கொண்டுவரவே வேண்டாம்.

முன்னிடைச்சொல்லைக் கவனியுங்கள். ‘ஆன்’ வந்தால் கப்பலோ, நடந்துகொண்டிருக்கும் வேலையோ. ‘இன்’ வந்தால் தண்டனையோ பணமோ. தண்டனையில் ஆள் இருப்பான்; பணத்தில் தொகை இருக்கும். பன்மையும் ‘தி’யும் இல்லாமல் வெறும் ‘இன் ஸ்டாக்’ என்றால்தான் நம் ரேஷன் கடைப் பொருள்.

பெரியவரின் நாலாயிரம் பவுண்டுக்கு வருவோம். இதில்தான் ரொம்பப் பேர் வழுக்குகிறார்கள். இன்றைய அமெரிக்க வழக்கில் ‘ஸ்டாக்ஸ்’ என்றால் கம்பெனிப் பங்குகள். 1820-களில் ஓர் ஆங்கிலப் பண்ணைக்காரர் சொன்னால் பெரும்பாலும் அரசாங்கத்துக்குக் கொடுத்த கடன். பிரிட்டிஷ் அரசு 1751-இல் பல கடன்களைத் திரட்டி ‘கன்சால்’ என்ற ஒரே பத்திரமாக்கியது. வெகுகாலம் அதன் வட்டி 3 சதவீதம். மிச்சம் மீதியை அரசு திருப்பிக் கொடுத்து முடித்தது 2015-இல். ஆகவே ‘பங்குச் சந்தையில் நாலாயிரம் பவுண்டு போட்டிருந்தார்’ என்று எழுதினால், பத்திரமான வருமானத்தை நாடிய நிதானமான மனிதரைச் சூதாடியாக்கிவிடுவீர்கள். ‘அரசுக் கடன் பத்திரங்களில் நாலாயிரம் பவுண்டு வைத்திருந்தார்’ என்று எழுதுங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்தப் பத்திரத்தைப் பேசும்போது முகமதிப்பில், அதாவது பத்திரத்தில் குறித்த தொகையில், பேசுவது வழக்கம். சந்தை விலை நூற்றுக்கு 80 என்று இருந்தால், முகமதிப்பு நாலாயிரத்தை விற்றால் கைக்கு வருவது 3,200 தான். நாவலில் எங்காவது ஆண்டு வருமானம் 120 பவுண்டு என்று வருகிறதா பாருங்கள். வந்தால் நாலாயிரம் முகமதிப்பு, வட்டி 3 சதவீதம் என்று கணக்கு நேராகும். வாரிசுகள் பின்னால் ‘எங்கே போச்சு மீதிப் பணம்’ என்று சண்டை போட்டால், சண்டையின் காரணமே இந்த வித்தியாசமாக இருக்கலாம்.

மரக்கட்டை எப்படிப் பணமாயிற்று என்ற உங்கள் கேள்விக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, கணக்குக் குச்சி. இங்கிலாந்துக் கருவூலத்தில் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து ‘டாலி’ என்ற குச்சியே ரசீது. (கடைகளில் இன்று ‘டாலி போடுவது’ என்றால் கணினிக் கணக்கு; பெயர் இந்தக் குச்சியுடையது.) பெரும்பாலும் ஹேசல் மரக் குச்சி. தொகைக்கு ஏற்ப அதன் குறுக்கே வெட்டுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைக் கனத்தில், நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலத்தில், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலத்தில், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவில். ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறிது. பென்னிக்குத் தூள் எடுக்காமல் கத்தியால் ஒரு கீறல். பிறகு அடிப்பக்கம் கொஞ்சம் தள்ளிப் பாதி ஆழம் வெட்டி, மறுமுனையிலிருந்து அந்த வெட்டுவரை நெடுக்காகப் பிளப்பார்கள். வெட்டுகள் இரண்டு துண்டிலும் பாதி பாதியாகப் பதிந்திருக்கும். அடிப்பிடியோடு நீளமாக இருக்கும் துண்டு ‘ஸ்டாக்’. அது பணம் கொடுத்தவர் கைக்குப் போகும். குட்டைத் துண்டு ‘ஃபாயில்’; அது பெற்றவரிடம் இருக்கும். செக் புத்தகத்தில் கிழிக்காமல் விடும் ‘கவுண்டர்ஃபாயில்’ அந்தச் சொல்லின் வழி வந்ததே. தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒரு துண்டில் மட்டும் கள்ள வெட்டுப் போட்டால் மற்றதோடு பொருந்தாது. மரத்தின் நார் ஓட்டமும் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த முறையை ஒழிக்க 1782-இல் சட்டம் வந்தது. நடைமுறையில் நின்றது 1826-இல். உங்கள் நாவலின் காலத்தில்தான். மிஞ்சிய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்கு அடியிலுள்ள அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். சூடு தாங்காமல் புகைபோக்கி வழியே தீ பிடித்து, நாடாளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் பெரும்பகுதி எரிந்துபோயிற்று.

இரண்டாவது விளக்கம் எளியது. அடிமரத்திலிருந்து கிளை வருவதுபோல, போட்ட பணத்திலிருந்து லாபம் வருகிறது. அதனால் போட்ட பணத்தின் பெயரும் அடிமரம். தமிழுக்கு இது புதிதல்ல. நம் ‘முதல்’ என்ற சொல்லும் அடி, வேர், தொடக்கம் என்ற பொருள்களோடு வியாபாரத்தில் போட்ட பணத்தையும் குறிக்கிறது: கைமுதல், போட்ட முதல், முதலும் வட்டியும். இரண்டு விளக்கங்களில் ஒன்றே சரி என்று அகராதிக்காரர்கள் முடிவு கட்டவில்லை. முன்னுரையில் எழுதினால் இரண்டையும் சொல்லுங்கள். குச்சிக் கதை சுவையாக இருக்கிறது என்பதற்காக அதை மட்டும் தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் நிச்சயம்: அந்தக் காலத்து ஆங்கிலேயர் இந்த மர வாசனையை உணர்ந்தே பேசினார்கள். 1697-இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன் மூலதனத்தைப் பெருக்கியபோது, ஐந்தில் நாலு பங்கை டாலியாகவும் ஒரு பங்கை பேங்க் நோட்டாகவும் வாங்கிக்கொண்டது. அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ஒட்டுக்கட்டுதல்.

உங்கள் தோட்டக்காரர் செய்வதும் அதுதான். அவர் பிளக்கும் ‘ஸ்டாக்’ ஒட்டுக்கட்டும்போது அடியில் இருக்கும் வேர்ச்செடி. மேலே சொருகுவது ஒட்டுக்குச்சி. ‘தாய்ச்செடி’ என்று எழுதிவிடாதீர்கள். தாய்ச்செடி என்பது ஒட்டுக்குச்சியை எங்கிருந்து வெட்டி எடுக்கிறோமோ அந்த மரம். இரண்டையும் மாற்றிப் போட்டால் பழம் வேர்ச்செடியின் குணத்தோடு காய்ப்பதாக ஆகிவிடும். குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: ‘ஸ்டாக் பிளான்ட்’ என்று இரண்டு சொல்லாக வந்தால், போத்து வெட்டி எடுப்பதற்கென்று வளர்க்கும் தாய்ச்செடி என்றே பொருள். ஒற்றைச் சொல்லுக்கு நேர் எதிர்ப்பக்கம். நாற்றங்கால் கையேடுகளை மொழிபெயர்ப்பவர்கள் இங்கே இரண்டு தடவை பார்க்கவேண்டும்.

ஏலத்துக்கு வந்த ‘லைவ் அண்ட் டெட் ஸ்டாக்’ என்பது அக்காலப் பண்ணை ஏல அறிவிப்புகளில் மாறாமல் வரும் வாசகம். உயிருள்ளது ஆடு, மாடு, குதிரை, பன்றி. ‘செத்தது’ ஏர், பரம்பு, வண்டி, சேணம், பால்பண்ணைப் பாத்திரம். மாடு எதுவும் சாகவில்லை. நீங்கள் அடித்தது நல்லது. ‘ஆடுமாடுகளிலிருந்து ஏர், வண்டி, தட்டுமுட்டுவரை எல்லாம் ஏலத்தில் போயிற்று’ என்று தமிழாக்கலாம். எண்ணிக்கை சொல்லும் இடத்தில் மட்டும் இனம் பிரித்து எழுதுங்கள்.

இதே ‘டெட் ஸ்டாக்’ இன்றைய கடைப் பேச்சில் விலை போகாமல் தேங்கிய சரக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குகளில் இன்னொன்று. அங்கே ‘க்விக் ஸ்டாக்’ என்பது ரொக்கம், சரக்கு, வரவேண்டிய கடன். ‘டெட் ஸ்டாக்’ என்பது கோட்டை, கட்டடம், மேசை நாற்காலி. ‘க்விக்’ என்பதற்கு வேகம் என்ற பொருள் பிந்தியது. பழைய பொருள் உயிருள்ளது. புனித ஜார்ஜ் கோட்டை ஆவணங்களில் கைவைக்கும் யாரும் இதை ‘விரைவு இருப்பு’ என்று எழுதிவிடக் கூடாது. அதே கம்பெனியின் ‘ஜாயின்ட் ஸ்டாக்’ கூட்டு முதல். தொடக்கத்தில் ஒவ்வொரு கப்பற் பயணத்துக்கும் தனித்தனியாக முதல் திரட்டி, பயணம் முடிந்ததும் பிரித்துக்கொண்டார்கள். 1613 முதல் சில பயணங்களுக்குச் சேர்த்துப் போட்டார்கள். 1657-இல்தான் நிரந்தர முதலாயிற்று. இந்த இடங்களில் ‘பங்கு’ என்று எழுதுவதைவிட ‘முதல்’ என்று எழுதுவதே பொருந்தும். பங்கு என்பது ஒவ்வொருவருக்கும் உரிய கூறு, ஸ்டாக் என்பது மொத்தம். இந்தியக் கம்பெனிச் சட்டம் 2013-இன் 61-ஆம் பிரிவு முழுதாகப் பணம் செலுத்திய பங்குகளை ஸ்டாக்காக மாற்ற இன்றும் இடம் தருகிறது. அங்கே இரண்டுக்கும் ‘பங்கு’ என்றே எழுதினால், பங்கைப் பங்காக மாற்றலாம் என்று சட்டம் சொல்வதாக ஆகிவிடும்.

வக்கீல் தளர்த்துவது கழுத்துப் பட்டி. விறைப்பான துணியிலோ, குதிரை மயிர் வைத்துத் தைத்தோ, தோலிலோ செய்திருப்பார்கள். முன்னால் முடிச்சு இருக்காது. பின்கழுத்தில் பக்கிள் மாட்டுவார்கள். அதனால் ‘கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்ப் பட்டியின் பக்கிளைத் தளர்த்தினார்’ என்றால் காட்சி சரியாக அமையும். ‘டை’ என்று எழுதினால் காலம் பிசகும். கால்மேசோட்டுக்கு வரும் ‘ஸ்டாக்கிங்’கும் ‘ஸ்டாக்’ வழி வந்த சொல்தான்; 16-ஆம் நூற்றாண்டில் காலுடுப்பின் மேல்பகுதி, கீழ்ப்பகுதி இரண்டுக்குமே ‘ஸ்டாக்’ என்று பெயர்.

ஜன்னலடியில் மணப்பது பூ. மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி. மத்தியோலா இன்கானா என்பது தாவரவியல் பெயர். தண்டு அடியில் கட்டைபோல இறுகுவதால் இந்தப் பெயர். கிராம்பு கலந்த மணம். தமிழ்ப் பெயர் கிடையாது. புதிதாக ஒன்றைப் புனைய வேண்டாம். ‘ஜன்னலுக்குக் கீழே ஸ்டாக் பூக்களின் கிராம்பு மணம்’ என்றால் போதும். ‘மணத்தது’ என்ற வினை இருந்தாலே சமையலறையை நினைத்துவிடுகிறோம். சமையலறை ஸ்டாக், அதாவது எலும்பும் காய்கறியும் நீண்டநேரம் கொதித்து இறங்கிய சாறு, இந்த நாவலிலேயே வேறு இடத்தில் வரலாம். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த வழக்கு உண்டு. அங்கே பானை, எலும்பு, வடிகட்டுதல் என்று ஏதாவது பக்கத்தில் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே என்றால் பூ.

மருமகள் நல்ல குடியில் பிறந்தவள். ‘குலம்’, ‘வம்சம்’, ‘வழி’ எதுவும் வரலாம். பேசுகிறவர் யார் என்பதைப் பார்த்து எடுங்கள். பண்ணைக்கார மாமியார் ‘நல்ல குடும்பத்துப் பொண்ணு’ என்பாள். ஒரு எச்சரிக்கை: குதிரைத் தரகர் இதே வார்த்தையைச் சொன்னால் அது ‘நல்ல ஜாதிக் குதிரை’. மருமகளைப் பற்றிக் குதிரைத் தரகர் சொல்லியிருந்தால் ஆசிரியர் இரண்டு பொருளையும் வேண்டுமென்றே உரசவிடுகிறார். அதற்கு ‘நல்ல இனத்துல வந்தவ’ என்று போட்டால் அந்தக் குசும்பு தமிழிலும் நிற்கும்.

நீங்கள் கேட்காத சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாவல் முடிந்து அடுத்த வேலைக்குப் போகும்போது உதவும். ‘ஃபிஷ் ஸ்டாக்’ சமையல் நூலில் மீன் எலும்புச் சாறு, கடல்வள அறிக்கையில் மீன்வளம். மீன்பண்ணைக் கையேட்டில் ‘ஸ்டாக்’ வினையாக வந்தால் குளத்தில் குஞ்சு விடுவது. மீன்வளத் துறையார் ‘இருப்புச் செய்தல்’ என்பார்கள். ‘ஸ்டாக்ஃபிஷ்’ மூன்றும் இல்லை. அது நார்வேயில் மரச்சட்டங்களில் தொங்கவிட்டு உப்பிடாமல் குளிர்காற்றில் காயவைத்த காட் மீன். வெறும் ‘கருவாடு’ என்றால் உப்பு நினைவுக்கு வரும். தேனீ வளர்ப்பு நூலில் ‘ஒரு ஸ்டாக்’ என்றால் ஒரு கூட்டின் தேனீக் குடும்பம். கடைசல் எந்திரத்தின் ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக், குழாய்க்கு மரை வெட்டும் டை ஸ்டாக் எல்லாம் இறுக்கிப் பிடிக்கும் கட்டையின் வாரிசுகள். ஐ.டி.ஐ. படித்தவர்கள் அப்படியே சொல்கிறார்கள்; நீங்களும் விட்டுவிடுங்கள்.

ஆபத்தானது ஒன்றுண்டு: ஆய்வகத்திலும் செடி வளர்ப்பிலும் வரும் ‘ஸ்டாக் சொல்யூஷன்’. அடர்த்தியாகக் கரைத்து வைத்துக்கொண்டு, பயன்படுத்தும்போது பத்து மடங்கோ நூறு மடங்கோ நீர்த்துக்கொள்ளும் கரைசல். ‘இருப்பில் உள்ள கரைசல்’ என்று எழுதினால் படிப்பவர் நேராகச் செடியில் ஊற்றிவிடுவார், இலை கருகும். ‘அடர் கரைசல்’ என்று எழுதி, நீர்க்கும் விகிதம் அதே வாக்கியத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

நாடும் பொருளை மாற்றும். ஆஸ்திரேலியாவில் ‘ஸ்டாக்மேன்’ மாடு மேய்ப்பவர். அமெரிக்காவில் அவர் கிடங்கு ஊழியராகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் கணக்கரின் ‘ஸ்டாக்’ கையிருப்புச் சரக்கு. அதையே அமெரிக்கர் ‘இன்வென்டரி’ என்பார்.

வேலைமுறைக்கு என் யோசனை இது. மூலத்தின் மின்பிரதி இருந்தால் இந்தச் சொல் வரும் எல்லா வாக்கியங்களையும் முதலிலேயே தேடி, பக்க எண்ணோடு ஒரே தாளில் இறக்குங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது மயக்கும் வாக்கியங்கள் வரிசையாக நின்றால் தாமே பிரிந்துகொள்ளும். ஒவ்வொன்றிலும் வினையை அடிக்கோடிடுங்கள். பிளந்தான், தளர்த்தினான், எண்ணினான், மேய்த்தான்: வினை தெரிந்தால் பெயர் தப்பிக்காது. பிறகு ஒருமையா பன்மையா, ‘தி’ உண்டா, எந்த முன்னிடைச்சொல் என்று பாருங்கள். அதற்குப் பிறகே அகராதி. பொருள்களை வழக்குக்கு வந்த கால வரிசையில், ஆண்டு போட்ட மேற்கோள்களோடு தரும் ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி உங்களுக்கு வேண்டும். கைபேசியில் முதலாவதாக வந்து நிற்கும் பொருள் இன்றைய அமெரிக்கப் பங்குச் சந்தையுடையது. தமிழ்ப்பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் கட்டை, தொழு, முதல், அடி ஆகிய தலைப்புகளைப் புரட்டுங்கள். பதிப்பகப் பட்டியலில் ஒரு வரிக்குப் பதிலாக ஸ்டாக் 1, ஸ்டாக் 2 என்று பொருளுக்கு ஒரு வரி போட்டு, பக்கத்தில் மாதிரி வாக்கியமும் எழுதிக் கொடுங்கள். விதியை மீறியதாகவும் ஆகாது, மெய்ப்புத் திருத்துபவரும் எல்லாவற்றையும் ‘இருப்பு’ ஆக்கிவிட மாட்டார்.

தொடர்களை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஒருவன் ‘ஸ்டாக் ஸ்டில்’ ஆக நின்றால் தமிழில் மரமாய் நின்றான். ‘லாஃபிங் ஸ்டாக்’ ஆனவன் ஊர் சிரிக்க ஆனவன். அது தொழுமரத்திலிருந்து வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். உறுதியான ஆதாரம் கிடையாது. ஒருவர் பேச்சுக்கு ‘அதிக ஸ்டாக் வைக்காதே’ என்றால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ‘ஸ்டாக் ஆன்சர்’ எப்போதும் ஒப்பிக்கும் பதில். ‘லாக், ஸ்டாக் அண்ட் பேரல்’ துப்பாக்கியின் மூன்று பாகங்கள்: வெடிக்கும் விசை, தோளில் பதியும் மரக்கட்டை, குழாய். மூன்றும் சேர்ந்தால் முழுத் துப்பாக்கி. உங்கள் கதையில் பண்ணையை அப்படி விற்றார்கள் என்று வந்தால் துப்பாக்கியைத் தேடவேண்டாம். ‘ஒட்டுமொத்தமாக விற்றார்கள்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.